அந்த மேடைக்கு முன்னால் நான் இல்லை

தினேஷ்,

நம் வீட்டில் கடிதம் எழுதுகிற பழக்கம் யாருக்கும் கிடையாது. உன் பள்ளிக்கூடத்துக்கு நான் எழுதிய விடுப்புக் கடிதங்களோடு சரி. இதை வாட்சாப்பில் பேசி அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நீ அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாய், எனக்குத் தெரியும். போனில் சொல்லலாம் என்றால், நான் ஆரம்பிப்பதற்குள்ளேயே "மா, ஒன்னும் இல்லமா, நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க" என்பாய். நானும் அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடுவேன். ஏற்கெனவே இரண்டு தடவை அப்படித் தப்பித்திருக்கிறேன். அதனால்தான் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். சிங்கப்பூர்ப் பாலத்தில் பஸ் நகராமல் நிற்குமே, அப்போது எடுத்துப் படி. பாதியில் நிறுத்திவிட்டு எனக்குப் போன் போடாதே.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. தியாவின் நான்காவது பிறந்தநாளன்று, கேக் வெட்டுவதற்கு முன்னால், நீ என்னை ஒரு பக்கமாக அழைத்துப் போய் ஒன்று கேட்டாய். கவிதாவுக்கும் சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிடும் போல இருக்கிறது, கிடைத்ததும் இரண்டு பேரும் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவோம், நான் உங்கள் வீட்டுக்கு வந்து தியாவைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று. காலையில் பாலர் பள்ளியில் விட்டு, பன்னிரண்டு மணிக்குப் போய் அழைத்து வந்து, நீங்கள் திரும்பும்வரை கூட இருக்க வேண்டும். "இதுகூடக் கேக்கணுமாடா?" என்றேன். நீ கவிதாவிடம் திரும்பி, "அம்மா ஞாபகசக்தி பத்தி ஒனக்குத் தெரியாது, ஃபேக்டரில அவங்கள கம்ப்யூட்டர்னுதான் கூப்பிடுவாங்க" என்று பெருமையாகச் சொன்னாய். உண்மைதான். செனாய் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் நான் ஒரு பாகத்தின் எண்ணையும் தாளைப் பார்த்துச் சொன்னதில்லை. சூப்பர்வைசர்களே வந்து என்னிடம் கேட்டுவிட்டுப் போவார்கள். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. அது உனக்கும் தெரியும், உன் அப்பாவுக்கு இன்னும் நன்றாகத் தெரிந்திருந்தது, பாவம்.

அன்றைக்கு ஒரு மணி நேரம் கழித்து நடந்ததை நீ வேடிக்கையாகப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாய். தியா கதை கேட்டாள். நான் வழக்கமான கதையை எடுத்துவிட்டேன். நீ நூறு தடவை கேட்ட கதைதான், இருந்தாலும் நான் சொல்கிற மாதிரியே இங்கே எழுதுகிறேன். லாயாங் லாயாங் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்துக்கு, எழுபதுகளில் மூன்று வருடம், ஜொகூர்பாருவிலிருந்து ஒரு பாப் குழு வந்தது. காலையில் ஆட்களை நிற்க வைத்துப் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில்தான் மேடை போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். இரண்டு கிட்டார், ஒரு டிரம், ஒரு ஆர்கன். தமிழில் பாடுவார்கள், மலாயில் பாடுவார்கள், ஆங்கிலம் மாதிரி ஏதோ ஒன்றிலும் பாடுவார்கள். மூன்றாவது வருடம் எனக்குப் பத்து வயது, உன் பெரியம்மாவுக்குப் பதினைந்து. இரண்டு பேரும் முன்னால் போய் நின்றோம். அக்கா மஞ்சள் கவுன் போட்டிருந்தாள். பாடகன் வெள்ளை பெல்பாட்டம், கறுப்புக் கண்ணாடி, தோளைத் தொடுகிற முடி. மூன்றாவது பாட்டில் மழை பிடித்துக்கொண்டது. ஜெனரேட்டர் நின்றுவிட்டது. அவன் மேடையை விட்டுக் குதித்து, மைக் இல்லாமல் எங்களுக்கு முன்னால் நின்று பாடினான். பாடி முடித்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான். அவன் விரலில் ஒரு மோதிரம் இருந்தது, மழையில் நனைந்து சில்லென்றிருந்தது. அப்புறம் எங்கள் அப்பா குடையோடு வந்து, வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய், அதே குடைக் காம்பால் விளாசினார். "ரெண்டு பேருக்கும் சரி பாதி" என்று சொல்லி, நான் முதுகைத் தேய்த்துக் காட்டுவேன். அந்த இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள்.

தியா சிரிக்கவில்லை. அவள் நேராக உன் பெரியம்மாவிடம் போய், "பெரிய பாட்டி, வலிச்சுச்சா?" என்று கேட்டாள். தங்காக்கிலிருந்து அந்த விருந்துக்காகவே வந்திருந்த அக்கா, கையில் கேக் தட்டோடு, என்னைப் பார்த்து, "நீ எங்கடி வந்தே?" என்றாள்.

"என்னக்கா சொல்றே? முன்னால நின்னேனே, ஒன்கூட."

"நீ எங்க நின்னே? ஒனக்கு அம்ம போட்டு வேப்பல மேல படுத்திருந்தே. நான் வந்து சொன்னதுதான்டி அம்புட்டும்."

உடனே உன் பெரியப்பா உள்ளே நுழைந்தார். அவரும் அந்தக் காலத்தில் எங்களுக்கு அடுத்த லயத்து வரிசை வீட்டில் இருந்தவர்தான், பிறகுதான் வேலை கிடைத்துத் தங்காக் போனார். "மழையா? அன்னிக்குக் கொளுத்துற வெயில் லா. மழ பேஞ்சது அதுக்கு மொத வருஷம்" என்றார். ஜெனரேட்டர் நிற்கவே இல்லை என்றார். பெல்பாட்டம் வெள்ளை இல்லை, ஊதா என்று அக்கா. "அலமாக், ஊதாவாம், எல்லாரும் கறுப்புக் கோட்டு" என்று பெரியப்பா. வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு தட்டு கழுவப் போகிற மாதிரி சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, சிங்க்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மழை பெய்ததா, வெயில் அடித்ததா என்பதெல்லாம் போகட்டும், ஐம்பது வருடக் கதையில் துணியின் நிறம் மாறாமல் இருக்குமா? ஆனால் அந்த மோதிரம்? என் உள்ளங்கையில் அது சில்லென்று பட்டது எனக்குத் தெரியும். அங்கே நான் இல்லவே இல்லை என்றால் அது எப்படிப் பட்டது? இதுவரை எனக்கு எது தெளிவாகத் தெரிந்ததோ அதையெல்லாம் நடந்தது என்று நம்பித்தான் வாழ்ந்திருக்கிறேன். அந்தத் தெளிவே பொய் சொல்லும் என்றால் நான் வேறு எதைப் பிடித்துக்கொள்வது?

அதற்குப் பிறகு நான் என்னை வேவு பார்க்க ஆரம்பித்தேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, மறுபடி எழுந்து போய்ப் பார்ப்பேன். பழைய பாக எண்களை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். எல்லாம் வரும், வரிசை தப்பாமல் வரும். அப்படியென்றால் நன்றாகத்தானே இருக்கிறேன் என்று ஒரு தெம்பு வரும். ஆனால் அந்த எண்களாவது சரியா என்று யாரிடம் கேட்பது? அந்தத் தொழிற்சாலையே மூடிப்போய்விட்டது. இப்படியே நாலைந்து வாரம் ஓட்டிவிட்டு, உனக்குத் தெரியாமல் அரசாங்கக் கிளினிக்குக்குப் போனேன். கால்வலிக்குப் போனேன் என்று உன்னிடம் சொன்னேனே, அது கால்வலி இல்லை.

டாக்டர் சின்னப் பெண், நம் தமிழ்ப் பிள்ளைதான். என்ன கிழமை, என்ன மாதம், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லுங்கள், ஒரு கடிகாரம் வரையுங்கள் என்றாள். மூன்று வார்த்தை சொல்லி, பிறகு கேட்பேன், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். பிறகு கேட்டபோது இரண்டு வந்தது. மூன்றாவது வரவில்லை. இதை எழுதுகிற இந்த நிமிடம்வரை வரவில்லை. பாப் குழுக் கதையைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, "ஆன்ட்டி, பழசு மாறிப்போறது எல்லாருக்கும் நடக்கும். ஒவ்வொரு தடவ சொல்லும்போதும் கொஞ்சம் கொஞ்சமா மாறும். அதுக்குப் பயப்படாதீங்க. இப்ப நடக்கறது போகுதான்னுதான் பாக்கணும். சமீபத்துல ஏதாவது நடந்துச்சா? வழி தெரியாமப் போறது, ஆளு மாறிப் பாக்கறது?" என்று கேட்டாள். "அப்படியெல்லாம் ஒன்னும் இல்ல டாக்டர்" என்றேன். அது பொய். அந்தப் பொய்க்கு வருகிறேன், கொஞ்சம் பொறு. அதை எழுத எனக்கு இன்னும் தைரியம் சேர வேண்டும்.

அதற்கு முன்னால் உன்னிடம் ஒரு தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும். உனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது என் தொழிற்சாலை பாஸ் காணாமல் போனது நினைவிருக்கிறதா? கதவுக்குப் பின்னால் ஆணியில்தான் மாட்டினேன், என் கண்ணுக்குள் அது ஆடுவது தெரிகிறது, நீதான் எடுத்து விளையாடித் தொலைத்தாய் என்று கத்தினேன். நீ இல்லை என்றாய். சாமிப் படத்துக்கு முன்னால் முட்டி போட வைத்தேன். நீ அழவில்லை, "நான் எடுக்கல" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாய். ஒரு வாரம் கழித்து அந்தப் பாஸ் என் பழைய யூனிஃபார்ம் பையிலிருந்து விழுந்தது. நான் அதை உன்னிடம் சொல்லவே இல்லை. தொழிற்சாலையில் கிடைத்தது என்று உன் அப்பாவிடம் சொல்லி முடித்துவிட்டேன். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது என்கிற ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு எத்தனை பேரை முட்டி போட வைத்திருக்கிறேனோ. உனக்குப் புத்தி சொல்ல எனக்கு இப்போது வாய் இல்லை, ஆனாலும் சொல்கிறேன். கவிதாவோடு சண்டை வரும்போது, அவள் அப்படிச் சொல்லவில்லை என்று சொன்னால், ஒரு தடவையாவது அவள் சொல்வது சரியாக இருக்கலாம் என்று நினைத்துப் பார். உனக்கும் என் புத்திதான் வந்திருக்கிறது. மூக்கைப் பார்த்தாலே தெரிகிறது.

கிளினிக் போன மூன்றாம் நாள், பஸ் ஏறித் தங்காக் போனேன். அக்காவிடம் நேராகக் கேட்டுவிட வேண்டும் என்று. உனக்குத் தெரியும், முப்பது வருடம் துணிக்கடையில் மடித்த கை அது. நான் போனபோதும் வரவேற்பறையில் உட்கார்ந்து, தேவையே இல்லாமல் போர்வைகளைப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். தேநீர் கலக்கிக் கொடுத்தாள். நான் குடிக்காமல் கேட்டேன். அவள் சொன்னதைச் சுருக்காமல் எழுதுகிறேன்.

எனக்கு அம்மை போட்டிருந்தது. வாசலில் வேப்பிலை கட்டியிருந்தார்கள். வீட்டில் தாளிப்பது கூட நிறுத்தியாகிவிட்டது. ஆத்தா வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று அர்த்தம், எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வீட்டு ஆட்கள் யாரும் கல்யாணம், படம், கச்சேரி என்று எங்கேயும் போகக் கூடாது. உங்கள் தலைமுறைக்கு இது சிரிப்பாக இருக்கும். எங்கள் லயத்தில் அதை மீறியவர்கள் கிடையாது. அக்கா மீறினாள். அப்பாவும் அம்மாவும் அந்த மத்தியானம் வேப்பிலை ஒடிக்கவும் இளநீர் தேடவும் போயிருந்த நேரத்தில், மஞ்சள் கவுனைப் போட்டுக்கொண்டு பெரட்டுக்களத்துக்கு ஓடினாள். மூன்று பாட்டு கேட்டாள். பாடகன் இறங்கி வந்து முன்வரிசைக்குக் கை கொடுத்தான். அவளுக்கும் கொடுத்தான். யாருக்கும் தெரியாமல் திரும்பி வந்து, என் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குப் பொழுது போகட்டும் என்று, எல்லாவற்றையும் மெல்லிய குரலில் சொன்னாள். கிட்டார் எத்தனை, முடி எவ்வளவு நீளம், மோதிரம் எவ்வளவு சில்லென்றிருந்தது, எல்லாம். நான் கேட்கக் கேட்க, அவள் மறுபடி மறுபடி சொன்னாளாம்.

இதுவரைக்கும் எனக்கு வெட்கம்தான், பயம் இல்லை. அக்கா சொன்னதையே நான் பார்த்ததாக நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதானே என்று ஆறுதல்கூட வந்தது. அப்போதுதான் அந்தக் கேள்வி வாயில் வந்தது.

"அப்பாவுக்கு எப்படிக்கா தெரிஞ்சுச்சு? யாரு சொன்னா?"

அவள் போர்வையின் ஓரத்தைச் சரி பார்த்தாள். "எதுக்கு இப்ப அதெல்லாம்?"

"சொல்லுக்கா."

"நீதான்."

மறுநாள் எனக்குக் காய்ச்சல் ஏறியதாம். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தபோது, அக்கா மட்டும் பாட்டுப் பார்த்தாள், என்னை விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று நான் சொன்னேனாம். "ஆத்தா வீட்டுல இருக்கறப்ப கூத்துப் பாக்கப் போனியா?" என்று அவர் எழுந்தார். குடைக் காம்பு உண்மைதான். அடி வாங்கியது அவள் மட்டும். என் காய்ச்சல் ஏறியதற்கு அவள்தான் காரணம் என்று அப்பா முடிவு கட்டினார். அவள் அப்போது மூன்றாம் படிவத்தில் படித்துக்கொண்டிருந்தாள், அந்த வருடம் அரசாங்கச் சோதனை. மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் வேண்டாம் என்று நிறுத்தி, அம்மாவோடு பால் மரம் வெட்ட அனுப்பினார். எங்கள் லயத்தில் முதன்முதலாகச் சோதனை எழுத வேண்டிய பெண் அவள். டீச்சர் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து கேட்டுவிட்டுப் போனாராம். அக்கா ஏன் படிக்கவில்லை என்று யாராவது கேட்டால் நான் என்ன சொல்வேன் தெரியுமா? "அவளுக்குப் படிப்பு ஏறல" என்பேன். உன்னிடமும் சொல்லியிருக்கிறேன். அவள் இருக்கும்போதே சொல்லியிருக்கிறேன்.

"பத்து வயசுப் புள்ள, காய்ச்ச வேற. அதப் போயி மனசுல வெச்சிருப்பேனா?" என்றாள்.

"அப்ப ஏன்க்கா இத்தன வருஷம் ஒரு வார்த்த சொல்லல? ரெண்டு பேரும் அடி வாங்கினோம்னு ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே."

"மொத தடவ நீ அப்படிச் சொன்னப்பக் கோவம் வந்துச்சு. பெறகு கேக்க நல்லா இருந்துச்சு. நீ சொல்ற கதையில நான் தனியா அடி வாங்கல."

"அன்னிக்கு மட்டும் ஏன் சொன்னே?"

"தெரியல லா. வலிச்சுச்சான்னு ஒரு பிள்ள கேட்டுச்சு. இதுவரைக்கும் யாரும் கேக்கல."

நான் அவள் காலைப் பிடித்தேன். அவள் காலை இழுத்துக்கொண்டு, "சீ, எழுந்திரு, தேத்தண்ணி ஆறுது" என்றாள். திரும்பி வருகிற பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு, எப்படியாவது அந்த வீட்டை, அந்தப் பாயை, அப்பாவிடம் வாய் திறந்த அந்த நிமிடத்தை நினைவுக்குக் கொண்டுவர முயன்றேன். ஒன்றும் வரவில்லை. வேப்பிலை வாசனைகூட வரவில்லை. மழையும் மேடையும் மோதிரமும்தான் வந்தன, முன்னைவிடப் பளிச்சென்று. இதற்கு நோய் என்று பெயர் வைக்க முடியாது, தினேஷ். இது நல்ல மூளையோடு, கம்ப்யூட்டர் என்று பேரெடுத்த மூளையோடு, நான் செய்தது. நான் செய்த தப்பு எனக்குத் தாங்கவில்லை. அதனால் அந்த மூளை என்னைக் கொண்டுபோய் அவள் பக்கத்தில் நிற்க வைத்து, எனக்கும் நாலு அடி வாங்கிக் கொடுத்துவிட்டது.

இனி அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். கவிதாவுக்குச் சிங்கப்பூரில் நேர்காணல் இருந்ததே, தியாவை நான் போய் அழைத்து வர வேண்டியிருந்ததே, அந்தப் புதன். டயர் பஞ்சர், அதனால்தான் ஐம்பது நிமிடம் தாமதம் என்று உங்களிடம் சொன்னேன். "நல்ல வேளமா, ரெண்டு பேருக்கும் ஒன்னும் ஆகல" என்றாய் நீ. டயர் பஞ்சர் ஆகவில்லை.

பதினொன்றரைக்கே வீட்டை விட்டுக் கிளம்பினேன். நிதானமாக ஓட்டினேன், சிக்னல் எல்லாம் சரியாக நின்றேன். காரை நிறுத்தி, இறங்கி, கேட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை. நீ இதை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். வழி தவறிவிட்டோம் என்று தவித்தேன் என்றால் அது ஒரு மாதிரி. நான் தவிக்கவில்லை. நிம்மதியாக இருந்தேன். மணி அடிக்க ஏன் இவ்வளவு நேரம் என்று லேசாக எரிச்சல்கூடப் பட்டேன். இன்றைக்கும் கால்சட்டையை நனைத்திருப்பான், மாற்றுத் துணி எடுத்து வரவில்லையே என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது கூடை நிறையத் துணியோடு ஒரு மலாய்க்காரப் பெண் வந்து, "ஆன்ட்டி, துங்கு சியாப்பா?" என்றாள். யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று. "ஆனாக் சாயா" என்றேன். என் மகனுக்கு என்று. அவள் எனக்குப் பின்னால் இருந்த கடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அது காசு போட்டுத் துவைக்கும் டோபிக் கடை. முப்பது வருடத்துக்கு முன்னால் அங்கேதான் உன் பாலர் பள்ளி இருந்தது. அப்போது போன் அடித்தது. தியாவின் டீச்சர். மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது, பிள்ளை காவலாளி நாற்காலியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள் என்றார். தியா யார் என்று எனக்கு ஒரு நொடி தெரியவில்லை. ஒரு நொடிதான். ஆனால் தெரியவில்லை.

அன்று சாயந்தரம் உனக்குப் போனில் பஞ்சர் என்றேன். அடுத்த நாள் பக்கத்து வீட்டுக்காரி கேட்டபோது, ஆணி குத்திவிட்டது என்றேன். கவிதா கேட்டபோது, ஒரு மலாய்க்காரப் பையன் பட்டறையிலிருந்து வந்து ஜாக்கி போட்டு உதவினான் என்று சேர்த்துக்கொண்டேன். பொய்யை நம்புகிற மாதிரி சொல்ல வேண்டுமே என்றுதான் சேர்த்தேன். தங்காக்கிலிருந்து திரும்பிய மறுநாள் காலையில், காபி குடித்துக்கொண்டிருக்கும்போது, அந்தப் பையன் போட்டிருந்த பச்சைச் சட்டை எனக்குத் தெரிந்தது. அவன் நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்தது தெரிந்தது. நான் காபியை வைத்துவிட்டுக் கீழே போய், குனிந்து, நாலு டயரையும் தடவிப் பார்த்தேன். ஒட்டுப் போட்ட அடையாளம் எதுவும் இல்லை. நான் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது, தினேஷ். நானே சொன்ன பொய்யா இல்லையா என்று டயரிடம் போய்க் கேட்க வேண்டியிருந்தது.

அதனால்தான் இன்றைக்கே எழுதுகிறேன். இன்னும் பத்து நாள் போனால் அந்தப் பஞ்சர் நடந்ததாகிவிடும். பிறகு நீ எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகக் கேட்டாலும், சாமி மேல் சத்தியம் செய்து, பச்சைச் சட்டையோடு சொல்லுவேன், நீ நம்புவாய். முதல் தடவை நான் உண்மையை இப்படித் தொலைத்தபோது அக்காவின் படிப்பு போனது, அது போனதுகூட எனக்குத் தெரியாமல் போனது. இந்தத் தடவை எது போகும் என்று நினைத்துப் பார்த்தேன். சாலையைத் தாண்டி ஓடுகிற பிள்ளை அது. கார் கதவைத் தானே திறக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். அதற்கு மேல் என்னால் நினைக்க முடியவில்லை.

டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள். வருகிற வெள்ளிக்கிழமை காலையில் போக வேண்டும். நீ ஒரு நாள் விடுப்பு எடு. என்னோடு உள்ளே வந்து உட்கார். நான் தனியாகப் போனால் மறுபடியும் பொய் சொல்லிவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும். இந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொள். நான் ஏதாவது மாற்றிச் சொன்னால், நான் சொல்வதை நம்பாதே, இதில் இருப்பதை நம்பு. டாக்டர் என்ன சொல்வார் என்று தெரியாது. ஒன்றுமில்லை, தூக்கமில்லாததால்தான் என்று சொன்னாலும் சொல்வார். அப்படிச் சொன்னால் நான் எவ்வளவு துள்ளுவேன் தெரியுமா? ஆனால் அதற்கு முன்னால் கவிதாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு. வேலையை ஒத்துக்கொள்வதற்கு முன்னால் அவளுக்குத் தெரிய வேண்டும். அத்தை ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபப்பட்டால் படட்டும், நியாயம்தான். கார்ச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறேன், வந்து வாங்கிக்கொள்.

பாஸ் விஷயத்துக்கும் சேர்த்து, என்னை மன்னித்துவிடு.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாருங்கள். நண்டு வாங்கி வைக்கிறேன். தியாவையும் கட்டாயம் அழைத்து வா, பார்க்க வேண்டும் போல இருக்கிறது, அவளை மடியில் வைத்து ஊட்டிவிட வேண்டும் போல இருக்கிறது. ஆனால் நீயோ கவிதாவோ யாராவது ஒருவர் கண் முன்னால் இருங்கள். கடைக்குப் போய்விட்டு ஐந்து நிமிடத்தில் வருகிறேன் என்றுகூட அவளை என்னிடம் தனியாக விட்டுப் போகாதே. விடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நான் சொல்லுவேன். சிரித்துக்கொண்டே சொல்லுவேன். கேட்காதே.

அம்மா